குழிக் காலனி எஞ்சின்

சர்க்கார் காகிதத்தில் அந்தக் குடியிருப்புக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் திருமயத்தில் ஒருவருக்கும் வழி தெரியாது. ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி, கண்மாய்க் கரைக்குக் கீழே கிடந்த அந்தப் பதினாறு ஓட்டு வீடுகளுக்குக் குழிக் காலனி என்றுதான் பெயர். கண் தெரியாதவர்கள், கை கால் விளங்காதவர்கள், நாதியற்ற விதவைகள் என்று பொறுக்கி எடுத்து அங்கே வீடு கொடுத்தார்கள். கொடுத்ததைக் குறை சொல்வதற்கில்லை. மேட்டு நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், பள்ளத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆனாலும், ஓடி ஏற முடியாதவர்களாகப் பார்த்துத் தண்ணீர் ஓடி வரும் இடத்தில் குடிவைத்த அந்தப் புத்திசாலி யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

மழை பெய்தால் சுற்று வட்டாரத்து மேட்டுத் தண்ணீரெல்லாம் காலனிக்குத்தான் வந்து சேரும். அதற்காகக் கீழ்க்கோடியில் கிணறு மாதிரி ஆழமாக ஒரு தொட்டி வெட்டி, அதில் சேரும் தண்ணீரை இறைத்து வாய்க்காலில் தள்ளக் கரண்டு மோட்டார் ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மழைக்கு முன்னால் காற்று வரும், காற்று வந்தால் கரண்டு போய்விடும். மோட்டார் வேண்டாத நாளெல்லாம் ஓடும், வேண்டிய அன்றைக்குப் படுத்துக்கொள்ளும்.

அதனால் முதல் சில வருஷங்கள் காலனியைக் காப்பாற்றியது மோட்டார் இல்லை, மேட்டுப்பட்டிக்காரர்கள். வானம் கறுத்தால் அந்த ஊர் இளவட்டங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் யாரும் கூப்பிடாமலே இறங்கி வருவார்கள். நடக்க முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் வைப்பார்கள். பாதி நாள் மழை ஏமாற்றிவிடும். "சும்மா ஒரு ஊர்வலம்" என்று கேலி பேசிக்கொண்டே திரும்பவும் கட்டில்களைக் கீழே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள்.

அப்புறம் அறுபத்தொன்றில் காலனிக்காரர்கள் மனுமேல் மனுவாகப் போட்டு, ஒரு டீசல் எஞ்சின் வந்தது. ஐந்து குதிரை சக்தி, பச்சை வர்ணம், புதுசு இல்லை என்றாலும் பழசு என்று சொல்ல முடியாது. கரண்டு போனால் பெல்ட்டை மாற்றிப் போட்டுப் பம்பை எஞ்சினால் ஓட்டலாம். அதற்குத் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் குழந்தைசாமிக்குக் கொடுத்தார்கள்.

குழந்தைசாமிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கல் குவாரியில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவன். வெடி வைத்த பாறை ஒன்று தப்பாக உருண்டதில் இடது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. கக்கத்தில் கட்டை கொடுத்துத்தான் நடப்பான். பெண்டாட்டி செத்து, குவாரியும் கைவிட்டு, மூன்றாம் நம்பர் வீட்டில் முடங்கிக் கிடந்தவனுக்கு அந்தச் சாவி கைக்கு வந்த நாள் புதுப் பிறவி எடுத்த மாதிரி இருந்தது. ஒற்றைக்கால் குழந்தை என்று கூப்பிட்டவர்கள் டிரைவர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தினமும் எஞ்சினைத் துணியால் துடைப்பான். துடைத்துத் துடைத்துப் பச்சை வர்ணமே தேய்ந்துவிடும் என்று எதிர்வீட்டுச் சொர்ணவல்லி சொல்வாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் வழக்கம்போல மேட்டுப்பட்டிப் பையன்கள் வந்தபோது குழந்தைசாமி கொட்டகை வாசலில் நின்றான்.

"இனிமே நீங்க மெனக்கெட வேண்டாம்ப்பா. எஞ்சின் இருக்கு. கட்டிலைத் தூக்குறதெல்லாம் அந்தக் காலம்."

அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. பெருமைதான். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு மேடேறிப் போனார்கள். அதற்கப்புறம் வரவில்லை. இரண்டு மழைக்காலம் எஞ்சின் சொன்ன சொல் தவறாமல் ஓடியது, தொட்டி ஒருநாளும் நிரம்பி வழியவில்லை. குழந்தைசாமி தலை நிமிர்ந்து நடந்தான்.

காலனியில் மற்றவர்கள் எப்படியாவது நகர்ந்துவிடுவார்கள். குருடனை ஒருவர் கைபிடித்துக் கூட்டிப் போகலாம், நொண்டி நொண்டிக்கொண்டே காலனியின் மேல்வரிசை வீடுகளுக்கு ஏறிவிடுவான். ரஹீமா பீவி ஒருத்திக்குத்தான் நாலு ஆள் வேண்டும். கிணற்றடியில் வழுக்கி விழுந்து கழுத்தெலும்பு முறிந்ததிலிருந்து நாலு வருஷமாகப் படுக்கை. வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். வாய் மட்டும் நன்றாகப் பேசும். முதல் நம்பர் வீடு அவளுடையது, எஞ்சின் கொட்டகைக்கு அடுத்தது, காலனியிலேயே தாழ்வானது. புருஷன் ஜைனுதீன் கோட்டைப்பட்டினம் போய்க் கருவாடு எடுத்துவந்து சந்தை சந்தையாக விற்பவன். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருக்க மாட்டான். அந்த நாட்களில் சொர்ணவல்லி அவளுக்குக் கஞ்சி ஊற்றி, துடைத்துவிட்டு, புரட்டிப் படுக்கவைப்பாள்.

அறுபத்து மூன்றாம் வருஷத்து ஆயுத பூசைக்கு எஞ்சினுக்கு விசேஷமாகச் செய்ய வேண்டும் என்று குழந்தைசாமிக்கு ஆசை. முதல் நாளே சோப்புப் போட்டுக் கழுவினான். மாவிலை கட்டினான். சந்தனத்தைக் கட்டியாகக் குழைத்து, சக்கரத்தில் ஒன்று, எஞ்சின் உடம்பில் ஒன்று, மேலே இருக்கிற டீசல் எண்ணெய்த் தொட்டியின் மூடியில் ஒன்று என்று மூன்று பொட்டு வைத்தான். மூடிக்கு நடுவில் ஒரு ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. பொட்டு வைக்கத் தோதாக நடுவிலே ஓர் அடையாளம் இருந்ததால் சரியாக அதன் மேலேயே பெருவிரலால் அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் வைத்தான்.

எண்ணெய் இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகத்தான் தொட்டிக்குள் காற்றுப் போக வேண்டும். அது அடைபட்டால் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு எண்ணெய் கீழே இறங்காமல் மூச்சுத் திணறி நிற்கும். குவாரியில் குழந்தைசாமி ஓட்டிய எஞ்சினுக்கு வேறு மாதிரித் தொட்டி. இதை மாட்டிக் கொடுத்த பிட்டர் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார், இந்த ஓட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. அதைப் போய் யார் அடைக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார், பாவம்.

சந்தனம் காய்ந்து காரை மாதிரி இறுகியது. சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்கக்கூடாது என்று குழந்தைசாமி துணி போடும்போதுகூட அந்த மூன்று இடத்தையும் விட்டுவிட்டுத் துடைத்தான். மாதம் ஒருமுறை எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. எண்ணெயை வீணாக்கக்கூடாது என்பதும் உத்தரவு. அதனால் ஐந்து நிமிஷம் ஓட்டுவான். ஐப்பசியில் ஐந்து நிமிஷம் ஓட்டினான், பிரமாதமாக ஓடியது. கார்த்திகை பிறந்ததும் ஓட்டினான், அப்போதும் பிரமாதம்தான்.

கார்த்திகை பத்தாம் தேதி காலையில் வெயிலே வரவில்லை. கிழக்கே கடல் பக்கத்திலிருந்து ஒரு கறுப்பு எழும்பி, கண்மாய்க்கு மேலே வந்து அசையாமல் நின்றது. காற்று இல்லை. மூன்று நாளாகப் பெய்த மழையைக் கரண்டு போகாததால் மோட்டாரே சமாளித்துவிட்டது, ஆனால் கண்மாய் ஏற்கெனவே விளிம்புவரை நிரம்பியிருந்தது. இன்னும் ஒரு சாண் ஏறினால் கலிங்கு வழியாக மிச்சத் தண்ணீர் வெளியே பாயும், பாய்ந்தால் பாதி காலனிப் பக்கம்தான் வரும். காலனி நாய்கள் இரண்டும் விடிவதற்கு முன்பே மேடேறிப் போயிருந்தன. சொர்ணவல்லி அதைச் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டு மணிக்கு ஜைனுதீன் ஒரு மாட்டுவண்டியைக் கூட்டிவந்து முதல் நம்பர் வீட்டு வாசலில் நிறுத்தினான். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி மேலே பாய் போட்டிருந்தது.

"எங்க பாய், வண்டியெல்லாம்?" என்றான் குழந்தைசாமி.

"கோட்டைப்பட்டினத்துல சரக்கு எடுத்து வச்சிருக்காங்கண்ணே. போகலைன்னா அழுகிப்போகும். வானம் வேற இப்படி இருக்கு. அதான் இவளைத் திருமயத்துல சின்னம்மா வீட்டுல விட்டுட்டுப் போயிரலாம்னு பாத்தேன்."

"இந்த வண்டியிலயா? மூணு மைலுக்கும் பள்ளம் பள்ளமாக் கெடக்கு. போன தடவை தூக்கிட்டுப் போனதுல முதுகுப் புண்ணு வாய் பொளந்து ஒரு மாசம் பட்டாளே, மறந்துபோச்சா?"

"மறக்கலைண்ணே. ஆனா தண்ணி வந்துச்சுன்னா..."

"தண்ணி வந்தா எஞ்சின் எதுக்கு இருக்கு? நான் எதுக்கு இருக்கேன்? ரெண்டு வருஷமா ஒரு சொட்டு உங்க வாசப்படி ஏறிருக்கா? நீங்க பாட்டுக்குப் போயிட்டு வாங்க பாய். தங்கச்சிக்கு நான் பொறுப்பு."

ஜைனுதீன் வானத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். பிறகு வண்டிக்காரனுக்கு ஏதோ சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினான். உள்ளே போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டு வந்தான். குழந்தைசாமியின் கையை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கரைமேல் வேகமாக நடந்து மறைந்தான்.

குழந்தைசாமி கட்டையை ஊன்றிக்கொண்டு முதல் நம்பர் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"பயப்படாத தங்கச்சி. எஞ்சின் சத்தம் கேக்குற வரைக்கும் ஒரு கவலையும் இல்ல."

"சரிண்ணே" என்றாள் ரஹீமா.

பத்து மணிக்கு மழை பிடித்தது. பிடித்தது என்றால் சாதாரணப் பிடி இல்லை. எதிர்வீடு தெரியவில்லை. மோட்டார் ஒரு அரை மணி நேரம் ஓடியிருக்கும், கரண்டு போய்விட்டது. குழந்தைசாமி பதறவில்லை. இதற்குத்தானே காத்திருந்தான். பெல்ட்டை மாற்றிப் போட்டான். ஒற்றைக் காலால் ஊன்றிக்கொண்டு அவனால் ஹேண்டிலைத் தனியாக வேகமாகச் சுற்ற முடியாது. எப்போதும் சொர்ணவல்லிதான் கூட நின்று சுற்றுவாள். ஐம்பது வயதிலும் நெல் குத்திய கை அவளுடையது. இரண்டு பேரும் சுற்றினார்கள். எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டு தடதடவென்று ஓடியது. குழாயில் தண்ணீர் பாய்ந்தது.

"பாத்தியாக்கா?" என்றான் குழந்தைசாமி.

கால் மணி நேரத்தில் சத்தம் மாறியது. இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் முதலில் எண்ணெய் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தான். முக்கால் தொட்டி இருந்தது. தகரக் கூரை ஒழுகியதால் தண்ணீர் விழாமல் உடனே மூடியை இறுக்கினான். எண்ணெய்க் குழாயில் காற்றுப் பிடித்திருக்கும் என்று திருகாணியைத் தளர்த்தி எண்ணெயை வடியவிட்டு மறுபடி முடுக்கினான். சுற்றினார்கள். ஓடியது. அவனுக்கு உயிர் வந்தது. கால் மணி நேரம் ஆனதும் திரும்பவும் இருமி நின்றது.

அதற்குள் கலிங்கு பாய ஆரம்பித்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி, கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. செந்நிறமாக, நுரையோடு, அவசரமே இல்லாமல் ஏறியது.

"தம்பி, எனக்கென்னமோ சரியாப் படலை" என்றாள் சொர்ணவல்லி. "நான் போயி நாலு பொம்பளைகளைக் கூட்டிட்டு வாரேன். அந்தப் புள்ளையக் கட்டிலோட தூக்கி மேவரிசையில வச்சிருவோம்."

"நீ போயிட்டா ஹேண்டில் யாரு சுத்துறது? இந்த ஒரு தடவை சுத்து. பிடிச்சிரும். தண்ணி வடிஞ்சா எதுக்குத் தூக்கணும்?"

அவள் நின்றாள். அவன் பேச்சை நம்பித்தான் நின்றாள். மூடியைத் திறந்தான், எண்ணெயைப் பார்த்தான், மூடினான், திருகாணியைத் தளர்த்தினான், முடுக்கினான், சுற்றினார்கள், ஓடியது. ஓடுகிற எஞ்சினை விட்டு எப்படிப் போவது? நின்றுபோன எஞ்சினாக இருந்திருந்தால் பதினோரு மணிக்கே அதைத் தலைமுழுகிவிட்டு ஆளைத் தூக்கப் போயிருப்பார்கள். இது ஓடி ஓடி நின்றது. நம்பிக்கை கொடுத்துக் கொடுத்து நின்றது. சனியன், அதைவிட ஒரேயடியாகச் செத்துத் தொலைந்திருக்கலாம்.

மூன்றாவது முறை நின்றபோது தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. முதல் நம்பர் வீட்டுப் பக்கம் பார்க்கக் குழந்தைசாமிக்குத் தைரியம் வரவில்லை. ஏதோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மழையாகவும் இருக்கலாம்.

"நான் போறேன் தம்பி. இனிமே நிக்க மாட்டேன்" என்றாள் சொர்ணவல்லி.

"அக்கா, கால்ல விழறேன். கடைசியா ஒரு தடவை."

நாலாவது முறை அவன் மூடியைத் திருகித் திறந்தபோது சொர்ணவல்லி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"என்ன தம்பி அது, உஸ்ஸுன்னு உள்ளாற இழுக்குது?"

குழந்தைசாமி மூடியைத் திருப்பிப் பார்த்தான். குங்குமம் கரைந்துபோயிருந்தது. சந்தனம் அப்படியே இருந்தது. அதன் அடிப்பக்கம், ஓட்டைக்குள் இறங்கி உறைந்துபோன ஒரு சின்ன முளை. அவனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. கூரைக் கம்பியிலிருந்து ஒரு துண்டை முறுக்கி ஒடித்து ஓட்டையைக் குத்தினான். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. மூடினான். சுற்றினார்கள். எஞ்சின் பிடித்தது.

இந்தத் தடவை அது நிற்காது என்று அவனுக்குத் தெரியும். சொர்ணவல்லி அவனுக்கு முன்னால் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டாள். அவன் கட்டையை ஊன்றினான், கட்டை சேற்றில் புதைந்து கையை விட்டுப் போனது. சுவரைப் பிடித்துப் பிடித்து, விழுந்து எழுந்து, இடுப்பளவு தண்ணீரில் தத்தித் தத்தி முதல் நம்பர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தான்.

உள்ளே சட்டியும் தலையணையும் மிதந்தன. கட்டில் தெரியவில்லை. கட்டில் இருந்த இடத்தில் சொர்ணவல்லி குனிந்து நின்று, தண்ணீருக்குள் இருந்து ரஹீமாவின் தலையைத் தூக்கித் தன் மார்பில் அணைத்திருந்தாள். அவள் அழவில்லை. குழந்தைசாமியைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். கட்டிலின் உயரம் ஒன்றரை அடி. அதற்கு மேலே ஒரு சாண் தண்ணீர் போதுமாக இருந்திருக்கிறது. வெளியே எஞ்சின் ஒரு தவறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் காலனியில் தண்ணீர் வடிந்துவிட்டது. மேல்வரிசைக்கு ஏறியிருந்தவர்கள் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். டிரைவர் மட்டும் எஞ்சினோடு மல்லுக்கட்டவில்லை என்றால் மேல்வரிசையும் போயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரியும் அதையே எழுதிக்கொண்டார். குழந்தைசாமி சந்தனத்தைப் பற்றிச் சொன்னான். அவர் பேனாவை மூடிக்கொண்டு, "அதெல்லாம் எதுக்கு இப்ப, மிஷின் கோளாறுன்னு போட்டுக்கலாம்" என்றார்.

ஜைனுதீன் மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தான். ரோடு பல இடங்களில் அறுந்திருந்தது. திருமயத்துப் பள்ளிவாசல் ஆட்கள் வந்து, பெண்கள் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்ற, சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு மையவாடியில் அடக்கம் செய்தார்கள். மையவாடி வாசலோடு நின்றுவிட்ட குழந்தைசாமி, எல்லாரும் கலைந்த பிறகு ஜைனுதீன் வெளியே வருவதைப் பார்த்து, சேற்றிலிருந்து தோண்டி எடுத்த கட்டையை ஊன்றிக்கொண்டு எதிரே போனான்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பொட்டு வைத்ததைச் சொன்னான். சொர்ணவல்லி தூக்கலாம் என்று இரண்டு தடவை சொன்னதையும், தான் விடாமல் பிடித்து நிறுத்தியதையும் சொன்னான். "உங்க பொண்டாட்டிய நாந்தான் கொன்னேன் பாய்" என்றான். செருப்பைக் கழற்றி அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

ஜைனுதீன் சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்தான்.

"நேத்து நீங்க வண்டி வேண்டாம்னு சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமாண்ணே? அப்பாடான்னு இருந்துச்சு. நாலு வருஷமாத் தூக்கித் தூக்கி என் தோளு விட்டுப்போச்சு. ஒரு நாளாச்சும் தூக்காம, வெறுங்கைய வீசிக்கிட்டு பஸ் ஏறுவோமேன்னு இருந்துச்சு."

"பாய்..."

"இருங்க, சொல்லிக்கிறேன். கெளம்பறப்ப உள்ள போனேன்ல, அப்ப அவ சொன்னா. எனக்குப் பயமா இருக்கு, எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிருங்க, புண்ணு வலிச்சா வலிச்சுட்டுப் போகுதுன்னு சொன்னா. அந்த ஒரு கையால எஞ் சட்டையப் பிடிச்சுக்கிட்டா. நான் விரலைப் பிரிச்சு விட்டுட்டு வந்தேன். வெளிய வந்து உங்ககிட்ட அதைச் சொல்லலை. சொன்னா நீங்க வண்டியத் திருப்பிக் கூப்பிட்டிருப்பீங்க."

குழந்தைசாமியும் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். மையவாடிக் கதவைப் பூட்ட வந்த ஆள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நின்று காத்திருந்தார்.